எல்லா வீட்டுக்கும் வெற்றிலை

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது சதாசிவத்தின் சட்டம். கையில் காப்புக் கட்டும் வரை அவன் மாப்பிள்ளையே இல்லை என்பதும் சதாசிவத்தின் சட்டம்தான். முதல் சட்டம் இடித்தால் இரண்டாவதை எடுத்துப் போடுவார். செடெனாக் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கருமாதி எதுவும் அவர் இல்லாமல் நடக்காது; அவர் இருந்தால் சீக்கிரம் முடியாது. ஆகவே, விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும், வந்ததும் காப்புக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, மாப்பிள்ளையான தன் அக்காள் மகன் மணியத்தை அன்னாசி லாரி ஒன்றில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் அவரே புறப்பட்டார்.

காரியம் வேறொன்றுமில்லை. மணியத்தின் அக்காள் கருப்பாயியை வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளையுடையது. மிச்ச முடிச்சு அவனுடன் பிறந்தவளுடையது. மணியத்துடன் பிறந்தவள் ஒருத்திதான். தாய் தகப்பன் முன்னாலேயே போய்விட்டதால் சோறு போட்டது, பேன் பார்த்தது, மூக்கைப் பிடித்துக் காய்ச்சல் மருந்து ஊற்றியது எல்லாம் அவள்தான். லாபிஸுக்குக் கிழக்கே மலையடிவாரத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ரயில் ஏறும்போது அவள் அழவில்லை. “என்னைக் கூப்பிடாம தாலி கட்டிப் பாரு, பந்தல்ல வந்து உன் வண்டவாளத்தை எல்லாம் அவுத்து விடுறேன்” என்றுதான் சொன்னாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. அந்தத் தோட்டத்தை மூடிவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆட்களை ஊருக்கே கப்பலேற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கப்பலுக்கு முன்னாலேயே காய்ச்சல் வந்ததாக மூன்றாமவர் ஆரம்பித்தபோது மணியம் எழுந்து வெளியே போய்விட்டான். அக்காவுக்காகவே இரண்டு முகூர்த்தம் தள்ளிப்போயிற்று. இன்னொரு தரம் தள்ளினால் மணப்பெண் ராசம்மாளைக் கூலாய் ஊர்க் கடைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பெண்வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். கடைக்காரருக்குத் தலை வழுக்கை. ஆனால் உடன்பிறந்தவர்கள் ஏராளம்.

“அக்கா வராம நான் தாலியைத் தொட மாட்டேன் மாமா” என்றான் மணியம்.

“தொடுறே. இன்னைக்கே போய்க் கையோட கூட்டியாறோம்” என்றார் சதாசிவம்.

லாரி சபாபதியுடையது. தம்போயிலிருந்து அன்னாசியைத் தகர டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் பழம் ஏற்றுகிறவன். மழை இல்லாமல் பழம் சூம்பிப்போயிருந்ததால் லாரிக்கு வேலை இல்லை. சதாசிவத்துக்கு ஏதோ ஒரு வழியில் தம்பி முறை. எந்த வழி என்று அவன் கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லிவிடுவார் என்ற பயம்.

வழியெல்லாம் காய்ந்து கிடந்தது. சிம்பாங் ரெங்கத்துக்கு இந்தப் பக்கம் அன்னாசிக் காடுகள் நுனி கருகி, துருப்பிடித்த கத்திகளைக் குத்திவைத்ததுபோல் நின்றன. அதைத் தாண்டினால் மரவள்ளி. அதுவும் தண்டு மட்டும். ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வரிசை கலையாமல் நின்றன. துரைமார் நட்டது, காய்ந்தாலும் அணிவகுத்துத்தான் காய வேண்டும். லாலான் புல்லுக்கு யாரோ எங்கேயோ தீ வைத்திருந்தார்கள். புகை ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்தது.

சதாசிவத்தின் மடியில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு. காலடியில் ஒரு கூடை. அது நிறைய வெற்றிலை, ஈரத்துணி போட்டு மூடியிருந்தது.

“ஒரு அக்காவுக்கு எதுக்குண்ணே ஒரு கூடை?” என்றான் சபாபதி.

“வழியில எவனாச்சும் சொந்தக்காரன்னு வந்து நின்னுட்டான்னா? வெறுங்கையோட நிக்கச் சொல்றியா?”

“அலமாக்! லாபிஸ் வரைக்கும் உங்களுக்குச் சொந்தம் இருக்கா?”

“இருக்கும்யா. விசாரிச்சா இருக்கும்.”

மணியம் சிரிக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, அக்காவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவள் திட்டுவாள். திட்டி முடிக்கும் வரை தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டும். யோங் பெங் போய்ச் சேர்வதற்குள் அவள் திட்டப்போவதையெல்லாம் அவனே ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். அவன் சொன்னது போதுமான காரமாக இல்லை.

லாபிஸில் கோப்பி குடித்தார்கள். அங்கிருந்து செம்மண் பாதை கிழக்கே திரும்பியது. மலை எதிரே எழுந்து வந்தது. தூரத்தில் நீலமாக, கிட்டே போகப் போகக் கறுப்பாக. பாதை ஒரு மேட்டில் ஏறி இறங்கியது; ஏற்றத்தில் வெறும் லாரி விசிலடித்துக்கொண்டு ஏறிற்று. இறக்கத்தில் தோட்டத்தின் கதவு திறந்தே கிடந்தது. சொல்லப்போனால் கதவு இல்லை. கதவு இருந்த தூண்கள் இருந்தன.

தூணருகே கயிற்றுக் கட்டிலில் ஒரு பஞ்சாபிக் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் மனிதர்கள் இல்லாவிட்டாலும் மரங்கள் ஓடிவிடக் கூடாது என்று கம்பெனி வைத்த ஆள். மணியம் லாரி நிற்பதற்குள் குதித்து, தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டான்: இங்கே கருப்பாயி என்று ஒரு பெண், உயரமாக, சத்தமாகப் பேசுவாள், எந்த லயம்?

“சுடா தூத்துப் லா. ஓராங் தாக் அடா” என்றார் காவல்காரர். தோட்டம் மூடியாகிவிட்டது, ஆள் இல்லை.

“எங்க போனாங்க?”

கொஞ்சம் பேரை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று என்றார். கொஞ்சம் பேருக்குக் காய்ச்சல் என்றார். பிறகு தாடியை மட்டும் அசைத்து லயத்துக்குப் பின்னால் காட்டினார். அங்கே மலை ஆரம்பிக்கும் இடத்தில் லாலான் மேடு மேடாக முளைத்திருந்தது. மற்ற இடத்தில் ஒரே மட்டமாக நின்ற புல், அங்கே மட்டும் ஆள் நீளத்துக்கு வரிசை வரிசையாக உயர்ந்திருந்தது. காவல்காரர் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தார்.

“ஜாங்ஙான் சாக்காப்!” என்று கத்தினார் சதாசிவம். பேசாதே என்று அர்த்தம். சொல்லிவிட்டு ஒரு வெற்றிலையை மடித்து அந்த வாயிலேயே வைத்துவிட்டார்.

மணியம் அந்த மேடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். “மாமா, அவர் என்ன சொல்ல வந்தாரு?”

“ஒண்ணும் சொல்லலே. நான் கேக்கல, நீயும் கேக்கல.” சதாசிவம் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். “இங்க பாருடா. உடன்பிறந்தவ செய்தி காதுல விழுந்துச்சுன்னா தீட்டு. தீட்டு வந்தா நாளைக்குக் கல்யாணம் இல்ல. கல்யாணம் இல்லேன்னா ராசம்மா கூலாய்க்குப் போயிருவா. காதுல விழாத வரைக்கும் எல்லாரும் சௌக்கியமா இருக்காங்க. புரியுதா?”

“அக்கா சௌக்கியமா இருக்கா?”

“வேற எப்பிடி? உயிரோட இல்லாதவளை யாராச்சும் வெத்தில வச்சு அழைப்பானா? நாம அழைக்க வந்திருக்கோம். அப்ப இருக்கா. வா.”

மணியத்துக்கு இது எங்கேயோ உதைத்தது. ஆனால் வேறு யாரும் அவனிடம் அக்கா இருக்கிறாள் என்று சொல்லவில்லை. சொன்னவர் பின்னாலேயே நடந்தான்.

லயம் நீளமாகக் கிடந்தது. சில வீடுகளுக்குக் கதவு இல்லை, சிலவற்றுக்குப் பாதி இருந்தது. ஒரு வாசலில் அம்மி. குழவி அதன்மேலேயே நின்றது, அரைத்துக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் எழுந்து போனதுபோல். கொடிக்கயிறு கட்டியபடி இருந்தது. அடுப்புச் சாம்பல் மேல் புல் முளைக்கவில்லை. இவ்வளவு வறட்சியில் புல் எங்கே முளைக்கும் என்று சபாபதி தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். ஆனால் லயத்தைச் சுற்றி இடுப்பளவு லாலான் நின்றது. வாசல் வரை வந்து, வாசலில் மட்டும் நின்றுவிட்டிருந்தது.

“எந்த வீடு?” என்றார் சதாசிவம்.

“தெரியலயே மாமா. நான் வந்ததில்லையே.”

சதாசிவம் வாழ்நாளில் முதல்முறையாகக் கொஞ்ச நேரம் யோசித்தார். வேறு வீட்டில் வைத்தால் அழைப்பு செல்லாது. கருப்பாயி வீட்டை விட்டுவிட்டால் விட்டுப்போச்சு என்ற பேச்சு வரும். அவர் ஆயுளில் அவர் முன்னின்று நடத்திய கல்யாணத்தில் விட்டுப்போச்சு என்று பேச்சு வந்ததில்லை.

“அந்தக் கூடையை எடு” என்றார். “எல்லா வீட்டுக்கும் வச்சிருவோம்.”

“அண்ணே, வேணாம்ணே” என்றான் சபாபதி. “இந்த மாதிரி எடத்துல வந்தமா, பாத்தமா, வாயை மூடிட்டுப் போனமான்னு இருக்கணும். யாரையும் எதுக்கும் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லுவாங்க.”

“நீ லாரி ஓட்டு. முறை எனக்குத் தெரியும்.”

மணியம் வைத்தான். வாசல் வாசலாகக் குனிந்து, இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு, நிலையில் ஒரு குங்குமப் பொட்டு. ஒவ்வொரு வாசலிலும் உள்ளே எட்டிப் பார்த்தான். இருட்டு. ஒவ்வொரு இருட்டையும் பார்த்து, “அக்கா?” என்றான். கடைசி வாசல் வந்ததும் சதாசிவம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காலி லயம் முழுவதும் கேட்கும்படி, முகூர்த்தம் சொல்லி அழைத்தார்.

“நாளைக்குக் காலையில செடெனாக் தோட்டத்துல நம்ம மணியத்துக்குக் கல்யாணம். எல்லாரும் குடும்பத்தோட, புள்ளகுட்டிகளோட, முதல் நாளே வந்திருந்து நடத்திக்கொடுக்கணும்!”

மலையில் பட்டு அது திரும்பி வந்தது. திரும்பி வந்த குரல் சதாசிவத்தின் குரலைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது. அவ்வளவுதான்.

“வண்டி வேற இருக்கு” என்று சேர்த்துக்கொண்டார், ஒரு மரியாதைக்காக.

திரும்பி நடந்தபோது சபாபதிதான் முதலில் பார்த்தான். முதலில் வைத்த வாசல்களில் வெற்றிலை இல்லை. குங்குமம் இருந்தது, வெற்றிலை இல்லை, பாக்கு இல்லை.

“ஆடு தின்னிருக்கும்” என்றார் சதாசிவம்.

“ஆடு எங்கண்ணே இருக்கு?”

சதாசிவம் ஆட்டைத் தேடி எல்லாப் பக்கமும் பார்த்தார். பிறகு நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார். காவல்காரர் கட்டிலைத் தூணுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். லாரி புறப்பட்டபோதும் திரும்பவில்லை.

காலையில் விசிலடித்துக்கொண்டு ஏறிய மேட்டில் லாரி இப்போது ஏறவில்லை. முனகியது, நடுங்கியது, பின்வாங்கியது. சபாபதி இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான். காற்று இருந்தது. பின்பக்கம் பாரம் தாங்கும் வில் பட்டைகளைப் பார்த்தான். அவை வளைவு போய்த் தட்டையாகப் படுத்துக் கிடந்தன. நல்ல அறுவடைக் காலத்தில், பழம் பலகைக்கு மேல் குவிந்து, கயிறு போட்டுக் கட்டினால்தான் அப்படிப் படுக்கும். மேலே ஏறிப் பார்த்தான். பழைய அன்னாசித் தழை கொஞ்சம் கிடந்தது. காலையில் காற்றுக்குப் பறந்துகொண்டிருந்த தழை, இப்போது பலகையோடு பலகையாக நசுங்கிக் கிடந்தது.

“என்னய்யா?” என்றார் சதாசிவம்.

“பாரம்ணே.”

“என்ன பாரம்?”

“நீங்க கூப்பிட்ட பாரம்.”

பாதி மேட்டில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓடை ஒன்றில் கல்லுக்கு நடுவே மிச்சம் இருந்த தண்ணீரைச் சபாபதி வாளியில் சேந்தி வந்து ஊற்றினான். ஊற்றிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தவன் வாளியைக் கீழே வைத்தான். லாரியின் பக்கப் பலகையில், மேலிருந்து கீழாக, சிவப்பாக வழிந்திருந்தது. ஒரு இடத்தில் அல்ல. வரிசையாக, ஆள் ஆளுக்கு இடம்விட்டு உட்கார்ந்து எட்டித் துப்பியதுபோல். இன்னும் காயவில்லை.

“நான் துப்பல” என்றார் சதாசிவம், யாரும் கேட்பதற்கு முன்.

மணியம் பலகையருகே போனான். சுண்ணாம்பும் பாக்கும் கலந்த வாடை. கல்யாணத்துக்குப் போகிற லாரிக்குப் பக்கத்தில் நின்றால் வரும் வாடை. பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் மனதில் வேறொன்று ஓடியது: எல்லா வீட்டுக்கும்தான் வைத்தோம், அப்படியானால் அவள் வீட்டுக்கும்தான்.

“அக்கா, ஏறிட்டியா?” என்று பலகையிடம் மெதுவாகக் கேட்டான். ரேடியேட்டர் மட்டும் புஸ் என்றது.

மலையைவிட்டு இறங்கிச் சமவெளிக்கு வந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காலையில் பார்த்த அதே கருகிய காடுகள், அதே மொட்டை மரங்கள். லாரி ஒரு வளைவில் திரும்பினால் பின்னால் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நேராயிற்று, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து உட்கார்வதுபோல். மணியத்தின் தலைக்குப் பின்னால் பலகைதான் தடுப்பு. அதில் காதை வைத்துக் கேட்டான். பேச்சு இல்லை. நிறையப் பேர் இருந்தும் யாரும் பேசாமல் இருந்தால் ஒரு சத்தம் இருக்குமே, அது இருந்தது.

ஆயர் ஈத்தாம் முச்சந்தியில் ஒரு மலாய்ப் போலீஸ்காரர் கையைக் காட்டினார். சபாபதி நிறுத்தினான். போலீஸ்காரர் படுத்துக் கிடந்த வில் பட்டையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். பலகையைப் பிடித்து எக்கி உள்ளே பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். இறங்கி வந்து சபாபதியின் பக்கம் நின்று, மலாயில் கண்டித்தார். சாமான் லாரியில் ஆள் ஏற்றக் கூடாது என்று தெரியாதா? அதுவும் இத்தனை பேர், கிழவர்கள், கைக்குழந்தைகள். எங்கே போகிறீர்கள், கண்டூரியா?

கண்டூரி என்றால் விருந்து. “கல்யாணம், துவான்” என்றார் சதாசிவம். அவர் குரல் ஒரு முழம் குறைந்திருந்தது.

கல்யாணம் என்றதும் போலீஸ்காரர் இளகினார். சரி, மெதுவாகப் போங்கள் என்றார். போகிற போக்கில் ஒன்று சொன்னார். ஓரத்தில் ஒரு பெண் உட்காராமல் நிற்கிறாள். நான் உட்காரச் சொன்னேன், என்னை முறைக்கிறாள். விழுந்துவிடப் போகிறாள், சொல்லிவையுங்கள்.

மணியம் சதாசிவத்தையும் சபாபதியையும் தாண்டி விழுந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். “உயரமா, துவான்? உயரமான பொம்பளையா?”

போலீஸ்காரர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். சபாபதி லாரியைக் கிளப்பினான்.

“நிறுத்துங்கண்ணே! அக்கா நிக்குது. நான் பின்னால போறேன்.”

“உக்காருடா!” என்றான் சபாபதி. அவன் கண் ரோட்டைவிட்டு நகரவில்லை. “இந்த முச்சந்தியில நான் நிறுத்த மாட்டேன். நீ குதிச்சாலும் நிறுத்த மாட்டேன்.”

செடெனாக்குக்கு முந்தின பாலத்தில் நிறுத்தினான். மேற்கே வானம் சிவந்து, கீழே ஆறு ஒரு கயிறுபோல் இளைத்து ஓடியது. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, லாரியிலிருந்து தூரமாகப் போய் நின்றான்.

“பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் ஓட்ட மாட்டேண்ணே. அங்க பந்தல்ல பொம்பளைங்க கோலம் போட்டுட்டு இருக்காங்க. பச்சைப் புள்ளைங்க ஓடுது. இவங்களைக் கொண்டுபோய் அங்க இறக்கி, பந்தியில உக்கார வச்சு, அப்புறம்? யாரு அனுப்புறது? அழைச்சது நீங்க. இறக்கி விடுங்க.”

அழைப்பதற்கு எத்தனையோ முறை உண்டு. பெரியவரை அழைக்க ஒன்று, சம்பந்தியை அழைக்க ஒன்று, கோபித்துக்கொண்டிருப்பவனை அழைக்க ஒன்று. அழைத்தவரை வர வேண்டாம் என்று சொல்ல ஒரு முறையும் இல்லை. சதாசிவம் அதை அன்றுதான் கண்டுபிடித்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு லாரியின் பின்னால் போய்க் கைகூப்பினார்.

“சபையோர்களே” என்றார். “இவ்வளவு தூரம் வந்ததுல ரொம்ப சந்தோஷம். இடம் கொஞ்சம் சின்னது. சமையலுக்கு ஆள் வேற பத்தல. அதனால தப்பா நெனைக்காம...”

வில் பட்டைகள் ஒரு மயிரிழைகூட நிமிரவில்லை. பலகையில் மட்டும் ஒரு சிவப்புத் துளி புதிதாக வழிந்து, அவர் காலடிக்கு முன்னால் சொட்டியது. சதாசிவம் பேச்சை முடிக்காமலே திரும்பி வந்துவிட்டார். “நீ சொல்லுடா மணி. வெத்தில வச்ச கை உன் கை. நீ சொன்னாத்தான் கேப்பாங்க.” லாரியின் அடியிலிருந்து ஒரு இரும்புக் கம்பியை உருவி அவன் கையில் திணித்தார். “இதைப் பிடிச்சுக்க. மறந்தும் அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதே. தீட்டு.”

மணியம் கம்பியை ரோட்டோரம் வைத்துவிட்டு, பின்பலகையைப் பிடித்து ஏறினான்.

மேலே ஒன்றும் இல்லை. நசுங்கிய தழை, மாலை வெளிச்சம். ஆனால் அவன் கால் வைத்ததும் எங்கே வைப்பது என்று தடுமாறினான்; எங்கு வைத்தாலும் யாரையோ மிதித்துவிடுவோம் போலிருந்தது. குறுகி, ஒரு மூலையில் நின்றான்.

“எல்லாருக்கும் கும்பிடு” என்றான். “உங்களை யாருன்னு எனக்குத் தெரியாதுங்க. ஏதோ ஒரு வாசல்ல வச்சு விட்டுட்டா தப்பாயிடும்னு எல்லா வாசல்லயும் வச்சோம். தெரியாம செஞ்சது. நீங்க... நீங்க எல்லாரும் செத்துட்டீங்க.”

கீழே சதாசிவம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“காய்ச்சல்ல செத்துட்டீங்க. புதைச்சாங்க, போயிட்டாங்க. ஒரு நல்லது கெட்டதுக்கு உங்களை யாரும் கூப்பிடல. அதான், கூப்பிட்டதும் வந்துட்டீங்க. வந்தவங்களைப் போகச் சொல்றது பாவம்தான். ஆனா அங்க ராசம்மா இருக்கு. அது பயந்த பொண்ணு. இங்கயே இறங்கிக்குங்க. தண்ணி இருக்கு. மரம் இருக்கு. நாளைக்குப் பந்தி போட்டதும் முதல் இலை இங்கதான் வரும். நானே கொண்டாந்து வைப்பேன்.”

ஒரு பலகை கிரீச்சிட்டது. பிறகு இன்னொன்று. கீழே நின்ற சபாபதி பார்த்துக்கொண்டிருந்தான்: வில் பட்டை ஒரு விரல் நிமிர்ந்தது. நின்றது. இன்னும் ஒரு விரல். பாலத்தோர மண்ணில் புழுதி கிளம்பி, சரிவில் ஆற்றைப் பார்த்து மெதுவாக, இடைவெளிவிட்டு இறங்கிப் போனது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் அப்படித்தான் இறங்குவார்கள்.

மணியம் ஓரத்தைப் பார்த்துத் திரும்பினான். போலீஸ்காரர் எந்த ஓரத்தைச் சொன்னார் என்று கேட்டுக்கொள்ளவில்லையே என்று அப்போதுதான் நினைத்தான். இரண்டு ஓரத்துக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு பேசினான்.

“அக்கா. எல்லாருக்கும் சொன்னதை உனக்கும் சொல்லணும். என்னால முடியல.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “உன்னை இறங்குன்னு நான் சொல்ல மாட்டேன். வான்னும் சொல்லக் கூடாதாம். நீ பெரியவ. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யி. எப்பவும் அப்பிடித்தானே செஞ்சே.”

காற்று இல்லை. ஆற்றங்கரையில் ஒரு புல்கூட அசையவில்லை. பட்டை முழுவதும் நிமிர்ந்துவிட்டது. சபாபதி கிட்டே வந்து, லாரியைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தான். காலி லாரி ஆடுகிற ஆட்டம் ஆடியது.

“லேசாயிடுச்சு” என்றான்.

“எல்லாரும் இறங்கிட்டாங்களாண்ணே?” என்று மேலிருந்து கேட்டான் மணியம்.

சபாபதி குனிந்து பட்டையை இன்னொரு தரம் பார்த்தான். “நான் ஏத்துறது டன் கணக்குல தம்பி. ஒரு ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் பட்டைக்குத் தெரியாது.”

சதாசிவம் காதிலிருந்து கையை எடுத்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கல” என்று அறிவித்தார். “இன்ஜின் சத்தத்துல ஒரு வார்த்தை காதுல விழல. காப்புக் கட்ட நேரமாச்சு.” இன்ஜின் அணைத்தபடியே இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டதையும் யாரும் பார்க்கவில்லை; புகைதான், எங்கேயோ இன்னும் லாலான் எரிந்துகொண்டிருந்தது.

“மணி, இறங்கி முன்னால வாடா. மாப்பிள்ளை பின்னால நின்னுட்டு வந்தா பாக்கிறவன் சிரிப்பான்.”

“நான் இங்கயே வரேன் மாமா.”

“தனியாவா?”

முன்பக்கப் பலகையை ஒட்டின மூலையில்தான் காற்று அடிக்காது, புழுதி விழாது. மணியம் மேல்துண்டை எடுத்து அந்த இடத்தைத் தட்டி, தழையைக் காலால் ஒதுக்கினான். ஒதுக்கிவிட்டு, தான் அங்கே உட்காராமல் எதிர் மூலையில் போய்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சபாபதி இதைப் பார்த்தான். கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினான். செடெனாக் வரை ஒவ்வொரு குழிக்கும் அவன் லாரியை ஏறக்குறைய நிறுத்தி, மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினான்.